கடலுக்குப் போக மழை வேண்டும்

விடியற்காலையில் தகரக் கூரையில் விழும் மழைக்கும் சாயங்காலம் விழும் மழைக்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு என்று சொன்னால், நீலாய் நகரத்துத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சாயங்கால மழை தடதடவென்று வந்து, காயப்போட்ட துணியை எல்லாம் நனைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விடும். விடியற்கால மழை உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல ஒவ்வொரு துளியாகத் தொடங்கி, பிறகு நின்று நிதானமாகப் பெய்யும். சாயங்கால மழையால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. விடியற்கால மழை வந்தால்தான் நாங்கள் கடலுக்குப் போவோம்.

மழை வந்தால் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பதுதானே உலக வழக்கம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வழக்கத்தை உண்டாக்கியது ரப்பர் மரம். மலேசியாவில், போர்டிக்சன் கடற்கரைக்கும் சிரம்பான் நகரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்தில் என் அம்மா மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் நடக்கப் பழகும் முன்பே அப்பா தவறிப்போனதால், அக்கா ரோசியையும் என்னையும் அம்மாவின் உளிக்கத்திதான் வளர்த்தது. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டைப் பிடித்து மங்கு என்கிற கிண்ணத்துக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகிவிடும். அதனால் விடியலில் மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது பேருக்குத்தான். கோயிலிலிருந்து வந்த கையோடு தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டு வாரத் துணி மொத்தமும் அம்மாவுக்காகக் குவிந்து கிடக்கும். ஆண்டுக் கடைசியில் பள்ளிக்கூடம் எங்களுக்கு நீண்ட விடுமுறை கொடுத்தது. அம்மாவுக்கு விடுமுறை கொடுக்க வானத்தை விட்டால் ஆள் கிடையாது.

அப்படி ஒரு மழை பெய்தாலும் உடனே கிளம்பிவிட முடியாது. எல்லாரும் ஆள் கணக்கெடுக்கும் "பிரட்டுக்களம்" போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, கொட்டகைக்குக் கீழே வாளிகளோடு காத்திருக்க வேண்டும். எங்களை மேய்க்கும் மேற்பார்வையாளரான மண்டோர் ரெயின்கோட்டோடு வெளியே வந்து, பக்கத்தில் இருக்கும் மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல வெகுநேரம் நிற்பார். வெட்டு உண்டா இல்லையா என்பதை அந்தக் கைதான் முடிவு செய்யும். கடைசியில் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு "இன்னிக்கி வெட்டு இல்ல லா, வீட்டுக்குப் போங்க" என்பார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலையும். அன்றைய சம்பளம் போயிற்றே என்ற கவலை அவர்களுக்கு. அம்மாவுக்கும் அந்தக் கவலை இல்லாமலில்லை. ஆனால் வீட்டு வாசலுக்கு வரும்போது அவர் முகத்தில் வேறு ஒன்று இருக்கும். எட்டு வயதிலேயே எனக்கு அதைப் படிக்கத் தெரிந்திருந்தது.

அரை மணி நேரத்தில் எல்லாம் தயாராகிவிடும். டின் சார்டின் மீனை மிளகாய்ச் சம்பலாகப் பிரட்டி ரொட்டிக்குள் வைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்கில் கோப்பி ஊற்றி, வீட்டிலிருந்த ஒரே குடையை எடுத்துக்கொண்டு, மூன்று பேரும் பஸ் போகும் சாலைக்கு ஓடுவோம். ஓட்டல், அறை, பொழுதுபோக்குப் பூங்கா என்றெல்லாம் விடுமுறைக்கு உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. பஸ் பயணமும் சார்டின் ரொட்டியும் சேர்ந்ததுதான் எங்கள் விடுமுறை, அதைவிட மலிவாக ஒரு தாயால் விடுமுறை கொண்டாட முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

கடற்கரையில் எங்களைத் தவிர ஒரு ஈ காக்காய்கூட இருக்காது. தார்ப்பாய்க்கு அடியில் "கோரெங் பீசாங்" என்கிற வாழைப்பழப் பஜ்ஜி பொரிக்கும், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா மட்டும், மழையிலுமா வந்தீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் மலாயில் அதிசயப்பட்டு, கூடுதலாக ஒன்று வைத்துத் தருவார். அக்காவும் நானும் தண்ணீரில் குதிப்போம். அம்மா குடையோடு மணலில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளைக் காவல் காப்பார். ஆள் இல்லாத கடற்கரையில் அந்தச் செருப்பை யார் திருடுவார்கள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. கடல் என்றால் சாம்பல் நிறம், அதற்கு மேலே வானமும் சாம்பல் நிறம் என்றே நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கடற்கரை வரையச் சொன்னபோது எல்லாப் பிள்ளைகளும் நீலமும் மஞ்சளும் தீட்ட, நான் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்து, மணலில் ஒரு குடையையும் வரைந்து கொடுத்தேன். ஆசிரியை வெயிலுக்கா குடை என்று கேட்டார். வெயிலில் எதற்குக் கடலுக்குப் போக வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டதை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டு, அக்கா ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலையும் தங்க விடுதியும் கிடைத்தன. ஜனவரி முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும். இனி அவள் வருவது பெருநாளுக்குத்தான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்ன அம்மா, என் முகம் போன போக்கைப் பார்த்து, ரோசி போவதற்குள் ஒரு தடவை மூன்று பேரும் கடலுக்குப் போய்விடலாம் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த விடுமுறை முழுக்க மழை பெய்யத்தான் செய்தது. எல்லாம் சாயங்கால மழை. மதியம் திரண்டு, நாலு மணிக்குக் கொட்டி, விடிவதற்குள் மரங்களை உலரவிட்டுப் போய்விடும். எனக்கு அழுகையாக வந்தது. கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விண்ணப்பம் சொல்லுங்கள் என்று உபதேசியார் கேட்டபோது, நான் எழுந்து நின்று, ஆண்டவரே விடியற்காலையில் பெரிய மழையாகத் தாரும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மழை வேண்டாம் என்பதை விட்டால் அந்தக் கோயிலில் இருந்த யாருக்கும் அன்றாட ஜெபம் வேறு இல்லை. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அத்தை அந்த வாரம் முழுக்க எங்களோடு பேசவில்லை.

கிறிஸ்துமசும் போனது. அக்காவின் பெட்டி அடுக்கப்பட்டு மூலையில் நின்றது. ஆண்டவரும் கைவிட்ட பிறகு, நான் என் பொறுப்பில் மழையை வரவழைக்க முடிவு செய்தேன். விடுமுறை நாட்களில் நான் அம்மாவோடு நிரைக்குப் போவது வழக்கம். நிரை என்பது ஒரு ஆளுக்கென்று ஒதுக்கிய மரங்கள். அம்மா வெட்டிக்கொண்டு வருவதற்கு முன்னால் ஓடி, மங்குகளில் உறைந்து கிடக்கும் பாலை உருவி எடுத்து, மங்கைத் துடைத்து வைப்பது என் வேலை. அன்றைக்கு லேசாக வெளுக்கத் தொடங்கியதும், சின்ன வாளியை எடுத்துக்கொண்டு நிரையின் கடைசிக்கு ஓடினேன். அங்கே ஓர் ஓடை. தண்ணீரை மொண்டு மொண்டு, எட்டிய உயரத்துக்கு ஒவ்வொரு மரத்திலும் வீசி ஊற்றினேன். மரம் ஈரமானால் வெட்டு இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். என் அம்மாவின் மரங்கள் மட்டும் நனைந்திருந்தால் என்ன ஆகும் என்பது சட்டத்தில் இல்லாததால் நான் அதை யோசிக்கவில்லை. பதினைந்து மரத்துக்கு மேல் கை தூக்க முடியவில்லை.

அம்மா வந்தார். முதல் ஈர மரத்தில் கத்தியை வைக்கப் போனவர், நிறுத்தி, பட்டையைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். அங்கே மேகத்தின் சுவடே இல்லை. அடுத்த மரத்தைத் தொட்டார், அதற்கடுத்ததைத் தொட்டார், பிறகு என் பாவாடையைப் பார்த்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது. அடி விழப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, முதல் மரத்தைத் துடைக்கத் தொடங்கினார். பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல, மேலிருந்து கீழே, வெட்டுக்கோட்டின் இடுக்கு வரை துடைத்து, ஊதி, பிறகு வெட்டினார்.

மூன்றாவது மரத்தில் இருக்கும்போது மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். எல்லாரும் பாதி நிரையைத் தாண்டிவிட்டார்கள், நீ மரத்தைத் துவட்டிக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் தயங்காமல், ஓடையில் விழுந்த குரங்கு ஏறிக் குதித்துவிட்டது என்றார். மண்டோர் மரங்களைப் பார்த்தார், என் வாளியைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார்.

"பெரிய கொரங்காத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு நான் விம்மி விம்மி அழுதேன். கடலுக்குப் போகலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அக்கா போய்விடுவாளே என்று உளறினேன். அம்மா துடைப்பதை நிறுத்தாமலேயே சொன்னார்.

"எனக்கு மட்டும் ஆச இல்லையா, பாப்பா? தெனமும் காலையில எந்திரிச்சு, பின்கதவத் தெறந்து, மொதல்ல கைய நீட்டித்தான் பாக்குறேன். ஒரு சொட்டு விழுமான்னு."

அம்மா விடியலில் கதவைத் திறப்பது எனக்குத் தெரியும். பாதித் தூக்கத்தில் அந்தக் கீல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தேன். அடுப்புக்கு விறகு எடுக்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஆசைப்படுவது பிள்ளைகளின் வேலை, அதை முடித்துத் தருவது அம்மாவின் வேலை என்று பிரித்து வைத்திருந்த என் கணக்கு அன்றைக்குக் கலைந்தது. துண்டின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். இருவருமாக மீதி மரங்களையும் துடைத்தோம்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அக்கா கிளம்ப வேண்டிய நாளில் விடியற்கால மழை வந்தது. கீல் சத்தம் கேட்டது, பிறகு வெகுநேரம் கதவு மூடப்படவே இல்லை. மண்டோரின் கை "வெட்டு இல்ல" என்றது. உன் மகளுடைய ஜெபம் கேட்டுவிட்டதாக்கும் என்று பக்கத்து வீட்டு அத்தை நொடித்ததைக்கூட காதில் வாங்காமல் அம்மா வீட்டுக்கு ஓடி வந்தார். பினாங்கு பஸ் சிரம்பானிலிருந்து சாயங்காலம்தான். "பெட்டியத் தூக்குங்க," என்றார். பெட்டியோடு, சிரம்பானுக்கு எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் ஏறினோம்.

அக்காவின் சர்டிபிகேட்டுகளும் புதுத் துணிகளும் அந்தப் பெட்டிக்குள் இருந்ததால், கடற்கரையில் குடை பெட்டிக்குப் போனது. பெட்டி நனையாமல் மணலில் ராணி மாதிரி உட்கார்ந்திருக்க, நாங்கள் மூன்று பேரும் நனைந்தோம். மக்சிக் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மா செருப்புக் காவலை விட்டுவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் அக்காவையும் இன்னொரு கையில் என்னையும் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினார். அவருக்கு அலையைக் கண்டால் பயம் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்தார்.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. ரப்பரைச் சாய்த்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், செம்பனையையும் வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். பிரட்டுக்களம் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். பட்டையில் கை வைத்துப் பார்த்த மண்டோரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா பினாங்கிலேயே குடும்பமாகிவிட்டாள். அம்மா என்னோடு இருக்கிறார். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் விடுமுறையை மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு வானத்தை யாரும் கேட்பதில்லை. மழை பெய்தாலும் வேலை, வெயில் அடித்தாலும் வேலை.

அப்படி எழுதிக் கொடுத்து வாங்கிய ஒரு சனிக்கிழமைக்கு, போர்டிக்சனில் சல்லிசாக ஓர் அறையைப் பிடித்து வைத்திருந்தேன். அன்றைக்கு விடியலிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கூரையில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து பார்த்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. என் பிள்ளைகள் இருவரும் கைப்பேசியில் வானிலையைப் பார்த்து, லீவே பாழாகிவிட்டது என்று சோபாவில் சரிந்து கிடந்தார்கள். நானும், அடுத்த மாதத்துக்கு மாற்றித் தருவார்களா என்று அந்த அறைக்காரர்களைக் கேட்க எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா குளித்து, சேலை கட்டி, ஒரு கையில் கோப்பி பிளாஸ்கும் இன்னொரு கையில் குடையுமாக வாசலில் வந்து நின்றார். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எங்கள் சோகம் கொஞ்சமும் விளங்கவில்லை.

"என்னா இன்னும் ஒக்காந்துகிட்டு இருக்கீங்க? கெளம்புங்க, மழ விட்டுறப் போவுது."