புலனடக்கம் படித்த பெண்

எழுபதுகளின் தொடக்கத்தில் மாண்ட்ரியலில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வேடு பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றியது. முதலாளி வேலைக்காரப் பெண்ணைத் துரத்துகிறான். அவள் பக்கம் பக்கமாகத் தன்னை அடக்கிக்கொண்டு தப்பிக்கிறாள். கடைசியில் அவனே அவளைக் கட்டிக்கொள்கிறான். ஆசைப்பட்டு அட்டூழியம் செய்தவன் அவன், அடங்கி நடக்க வேண்டியவள் அவள், அதற்குப் பரிசு அந்த அயோக்கியனேதான்! இதைப் போய் ஒழுக்கம் என்று கொண்டாடியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அப்பாவின் நண்பரான ஒரு டாக்டர் வீட்டில் தங்கியிருந்தேன். டாக்டரின் மனைவியை மாமி என்று கூப்பிடுவேன். அவர்தான் வரன் பார்த்தார். மாப்பிள்ளை, சேன்-லோரான் பகுதி விமானத் தொழிற்சாலை என்ஜினியர். இது அமையாவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தன் அக்காவோடு பெண் பார்க்க வந்தார். நம் ரவை கிடைக்காத ஊரில், வெள்ளைக்காரர்கள் காலையில் கஞ்சி காய்ச்சும் கோதுமைக் குருணையை வைத்து மாமி சொஜ்ஜி கிளறியிருந்தார். நாவலில் ஒரு பக்கம்கூட மாமி புரட்டியதில்லை. ஆனாலும் என் ஆய்வை நன்னடத்தைச் சான்றிதழாக எடுத்து நீட்டினார்.

"இவ ஆராய்ச்சியே புலனடக்கத்தப் பத்தித்தான்."

அக்கா பூரித்துப்போனாள். அவரோ மறுபடி மறுபடி பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, தான் மதுவையும் மாமிசத்தையும் தொட்டதே இல்லை என்று பெருமையடித்தார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் லட்சணமாகத்தான் இருந்தார். எனக்கும் ஆசை எட்டிப் பார்த்தது.

பால்கனியில் எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்பா அம்மா இல்லாம ரெண்டு வருஷம் இங்க இருந்திருக்கீங்க. கட்டுப்பாடாத்தானே இருந்தீங்க?"

"இருந்தேன். நீங்க?"

சிரித்தார். "ஆம்பளைங்க விஷயம் வேற."

மதுவையும் மாமிசத்தையும் மட்டும் ஏன் சொன்னார் என்று அப்போது புரிந்தது. வந்த ஆசை வந்த வழியே போயிற்று. உள்ளே போய் எல்லார் முன்னாலும் வேண்டாம் என்று சொன்னேன். மாமிக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் அப்பா டிரங்க் கால் போட்டார். அடங்காதவள் என்றார், உடனே கிளம்பச் சொன்னார்.

"படிப்ப முடிக்காம வரமாட்டேன்ப்பா."

அப்பா போனை வைத்துவிட்டார். அதன் பிறகு, உயிரோடு இருந்தவரைக்கும், அவர் என்னோடு பேசவில்லை.