அக்கா தங்கை இல்லாத தாய்மாமன்

முகாம் வாசலில், வெயிலில், சுவரின் மேல் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்த அந்தக் கை, 'உறவு' என்ற கட்டத்துக்கு வந்ததும் சற்று நின்றது. பிறகு 'தாய்மாமன்' என்று மலாய் மொழியில் எழுதியது. எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இதுதான். முப்பது வருடம் அரசாங்க வேலை பார்த்தும், காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு நாள்கூட எம்.சி. விடுப்பு எடுக்காத மனிதர். ஓய்வு பெற்ற பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸில் நான் தட்டச்சு செய்த வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை அறை.

எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஓடிவந்த பையன்கள் சிலர், விசா முடிந்து பிடிபட்டு, குடிநுழைவுத் தடுப்பு முகாமில் கிடந்தார்கள். உறவினரைத் தவிர யாரும் போய்ப் பார்க்க முடியாது. அங்கிளின் பெற்றோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். "ஊர் கேட்டுத் துருவிப் பார்த்தனான் பிள்ளை, எனக்கு மருமகன் முறை வருது" என்பார். "உங்களுக்கு யார்தான் அங்கிள் சொந்தமில்ல?" என்று சீண்டுவேன். முகாமுக்குப் போகும் புதன்கிழமைகளில் மட்டும் அவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு இருக்கும்.

அவர்களில் ஒருவன் போர்ட் கிள்ளான் கிடங்கில் மூட்டை தூக்கும்போது பிடிபட்டவன். அங்கிள் எழுதிய மனுக்களின் பலனாக அவனுக்குக் கனடா விசா கிடைத்தது. இரண்டு வாரத்துக்குள் உள்நாட்டுக் குடிமகன் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் விடுவார்கள். இல்லையென்றால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அங்கே இறங்கினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போட அங்கிளே போனார். கோப்போடு நானும் போனேன். அதிகாரி மூன்று பார்வையாளர் படிவங்களை மேசைமேல் பரப்பினார். மூன்று பையன்கள், மூன்று ஊர், எல்லாவற்றிலும் தாய்மாமன். "உங்களுக்கு எத்தனை சகோதரிகள்?" என்று மரியாதையாகவே கேட்டார்.

"ஒருவரும் இல்லை" என்றார் அங்கிள். அதோடு அவருடைய ஜாமீன் செல்லாது என்றாகிவிட்டது. முகாமுக்குள் நுழையவும் தடை.

வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. என்னிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இருந்தது. ஒரே ஒரு முறை கேட்டார். சுங்கை வேயில் எங்கள் வீட்டில் அம்மா, "கவர்மெண்ட் விஷயத்துல கைய வைக்காதே. நாளைக்குத் தம்பிக்கு வேலை கிடைக்காது லா" என்றாள். நான் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். அந்த ஒன்பது நாளும் அவர் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை கேட்கவில்லை. பத்தாம் நாள் கையெழுத்துப் போட்டேன். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒன்பது நாளுக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மற்ற இருவரும் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. அங்கிள் சில வருடங்களில் அந்த அறையிலேயே இறந்தார். உடலைத் தூக்க, கீழே இருந்த கடைக்காரர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். அவரைத் தெரிந்தவர் என்று என்னைத் தவிர யாரையும் நான் அங்கே பார்ப்பதில்லை.

போர்ட் கிள்ளான் பையன் வெளியே வந்த நாளைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். ஜாமீன் கையெழுத்துப் போட்ட நான்தான் உள்ளே போய்க் கூட்டிவந்தேன். மாலையே விமானம். உள்ளே விடாததால் அங்கிள் எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். "மாமா" என்று அவன் சாலையைக் கடந்து ஓடினான்.

"நான் உன்ர மாமன் இல்லைத் தம்பி. உன்னைப் பாக்க விடவேணுமெண்டு எழுதினது. போற இடத்தில அப்பிடிச் சொல்லிப்போடாத, உனக்குத்தான் கரைச்சல்" என்றார் அங்கிள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"முதல் நாளே தெரியும் மாமா. என்ர அம்மா வீட்டுக்கு ஒரே பிள்ளை."

அங்கிள் தலையை ஆட்டினார். பிறகு, பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.