சிவப்புக் கண்ணாடி வழியே ஒரு முகம்

ரப்பர் உருண்டையை இரண்டு தடவை அழுத்தித் தூசியை ஊதிவிட்டு, அந்த வட்டக் கண்ணாடியை விளிம்பில் மட்டும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் அக்கா. கீறல் இல்லை. "எனக்கு வயசானது இதுக்குத் தெரியவே தெரியாது" என்கிறார்.

எங்கள் அச்சகத்துக்கு அடுத்த கதவு அவருடைய ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடக் குழுப்படம், பழைய படங்களுக்கு நகல் என்று ஓடுகிறது தொழில். கேமராவும் லென்ஸும் போன வருடம் வாங்கியவை. லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் ஃபில்டர்கள் மட்டும் ஃபிலிம் காலத்தவை. மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மொத்தம் பதினேழு, பொத்தான் போட்டு வைக்கும் தையல்காரப் பெட்டியில் ஆளுக்கொரு அறையாகக் குடியிருக்கின்றன. "என் மூக்குக்கண்ணாடிய மாத்தி அஞ்சு வருஷமாச்சு. லென்ஸுக்கு மட்டும் பதினேழு!" என்று அவருடைய கணவர் வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்.

புது லென்ஸுக்கு வாய் பெரிது, பழைய ஃபில்டர் சிறிது. நடுவில் ஒரு வளையம் போட்டு இரண்டையும் சம்பந்தி ஆக்குகிறார். படத்தின் நான்கு மூலையும் இருண்டுபோகும். கொஞ்சம் பின்னால் நகர்ந்து எடுத்து, ஓரத்தை வெட்டிவிடுவார். வளையம் இறுகிக்கொண்டால் பலம் காட்டுவதில்லை. ரப்பர் பேண்டைச் சுற்றி மெல்லத் திருகுவார். "அமுக்குனா வட்டம் முட்டையாயிடும். பிடிவாதக்காரங்ககிட்ட பேசித்தான் வாங்கணும்."

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் செய்ய முடியாதா என்று ஒருமுறை கேட்டேன். "சிலது முடியும். பண்ணத் தெரியணும்ல?" என்றார். குரலில் அடக்கம் துளியும் இல்லை.

போன மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தது. உறையிலிருந்து உள்ளங்கை அளவு கறுப்புவெள்ளைப் படம் ஒன்றை எடுத்தார். நாற்காலியில் ஒரு பெண். நெற்றியிலிருந்து கழுத்து வரை சிவப்பு மை.

"எங்கம்மா. நாலு வயசுல நான்தான் கொட்டுனேன். அவங்க படம் இது ஒண்ணுதான் இருக்கு."

வேறொரு கடையில் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுத்த நகலையும் நீட்டினார். அழகான முகம், மாசு மருவில்லை. "நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எங்கம்மா இல்ல."

"அவங்க முகம் ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா, எனக்கு விவரம் தெரியறதுக்குள்ள போயிட்டாங்க. இவங்க இல்லன்னு மட்டும் தெரியுது."

அக்கா படத்தைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "மை சாயம்தான் ஏத்தியிருக்கு, படத்தத் தின்னல" என்று எழுந்து சிவப்பு ஃபில்டரை எடுத்தார்.

டிரைவர் பதறினார். "ஏற்கெனவே சிவப்பா இருக்கு. இதப் போட்டா இன்னும் சிவப்பாயிடாதா?"

"இது வழியா பாத்தா வெள்ளைத் தாளும் சிவப்பு, மையும் சிவப்பு. அப்புறம் மைய எங்கன்னு தேடுவீங்க? கறுப்பு மட்டும்தான் தனியா நிக்கும்."

கேமராவைக் கறுப்புவெள்ளைக்கு மாற்றினார். தானாகக் குவியம் தேடும் வசதி, சிவப்பு இருட்டில் முன்னும் பின்னும் அலைந்தது. அதை அணைத்துவிட்டுக் கையாலேயே லென்ஸின் குவிய வளையத்தைத் திருப்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த முதல் படத்தில் கன்னத்தில் லேசாகக் கறை தெரிந்தது. உதட்டைக் கடித்தார். விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, இன்னும் அதிக நேரம் ஒளி விழும்படி மறுபடி எடுத்தார்.

திரையில் கறை இல்லை. சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்ற ஓர் இளம்பெண் இருந்தாள். இடது புருவம் வலதைவிடச் சற்று மேலே ஏறியிருந்தது.

டிரைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு விரல் தானாகப் போய்த் தன் இடது புருவத்தைத் தொட்டது. "ஊரே கேலி பண்ணுமே, இது அம்மா குடுத்ததா!" என்றார்.

பெரிதாக அச்சடித்து அவர் கையில் கொடுத்தபின், "இன்னொண்ணு எடுத்து எங்க வாசல்ல வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார் அக்கா. அவர் தலையாட்டினார்.

வாசல் கண்ணாடிப் பேழையின் நடுவில் அக்காவுக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த படம் இருந்தது. அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் டிரைவரின் அம்மாவை மாட்டினார். தெருவில் இறங்கி எதிர்ச்சாரி வரை போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திரும்பி வந்து, படத்தை நூலிழை அளவு இடப்பக்கம் நகர்த்தினார்.