வாளிக்குப் போன வாய்ச்சி

பழைய இரும்பு வாங்குகிற லொறி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் முதலில் ஒலிபெருக்கிச் சத்தம் வரும், பின்னால் துருவின் மணம் வரும், அதற்கும் பின்னால் நான் வருவேன். விற்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. லொறியில் ஏறி, மற்றவர்கள் போட்ட சாமான்களைக் கிளறிப் பார்ப்பேன். லொறிக்காரனுக்கு என்மேல் நல்ல சந்தேகம். "ஐயா, நீங்கள் விக்க வந்தனீங்களோ, எடுக்க வந்தனீங்களோ?" என்று போன மாதம் கேட்டேவிட்டான். அவனில் பிழை சொல்லமாட்டேன். நானும் சந்தேகப்படுகிற இனம்தான்.

இந்த முறை அவனுக்கு என்னிடம் உண்மையாகவே வேலை இருந்தது. மகளுக்கு உடுப்புத் தோய்க்கிற மெஷின் வந்துவிட்டது. அதை வைக்க வீட்டில் ஒரே ஒரு மூலைதான் உண்டு, அந்த மூலையில்தான் என் தச்சுப் பெட்டி இருக்கிறது. "அப்பா, ரெண்டாப் பிரியுங்கோ. வச்சிருக்கிறது இந்தப் பக்கம், போறது அந்தப் பக்கம்" என்று இரண்டு சாக்கை விரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பெட்டியைத் திறந்ததும் தேங்காயெண்ணெயும் இரும்பும் கலந்த அந்தப் பழைய மணம். உடனே எனக்கு அப்பாதான் நினைவுக்கு வருவார். தமிழ்நாட்டு அகதி முகாமில், ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அப்பா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணெய் பூசுவார். எல்லாவற்றிலும் அரத்தால் போட்ட மூன்று வெட்டு இருக்கும். அது எங்கள் வீட்டு அடையாளம். ஒன்றில் மட்டும் அது இல்லை. அது ஒரு வாய்ச்சி. மரம் செதுக்குகிற சாமான், மண்வெட்டியின் குட்டி மாதிரி இருக்கும். அதன் பிடியில் சூட்டுக்கோலால் வைத்த ஒரு வட்டம். அப்பாவிடம் சொந்த வாய்ச்சி வேறு இருந்தது. இந்த வட்டக்காரனுக்கு எண்ணெய் மட்டும் பூசுவார், வேலைக்கு எடுக்கமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அப்பாவும் சொல்லாமலேயே அந்த முகாமில் கண்ணை மூடிவிட்டார்.

சண்டை முடிந்து நாங்கள் மன்னார்க் கரையில் எங்கள் ஊரான விடத்தல்தீவுக்குத் திரும்பியபோது பெட்டி என்னோடு வந்தது. எங்கள் ஆட்கள் தச்சுச் சாமானை ஆயுதம் என்றுதான் சொல்வார்கள். சோதனைச் சாவடியில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை விடுங்கள். ஊரில் வளவெல்லாம் முள்ளுப் பற்றை. தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு, வீட்டுத்திட்டத்துக்குக் கதவும் யன்னலும் செய்து கொடுத்தேன். அந்த நாட்களில் ஊரில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் பிடித்திருந்தது. மற்றவன் வீட்டுக்குப் போனால் ஆளின் முகத்தைப் பார்க்க முதல் கதவைப் பார்ப்பார்கள். அது தாங்கள் விட்டுவிட்டு ஓடிய கதவோ என்று. கதிரையில் இருத்தினால் கதிரையின் அடியைத் தடவிப் பார்ப்பார்கள். நானும் தடவினேன், ஏன் பொய் சொல்வான்.

அப்போதுதான் அனீபா நானா புத்தளத்திலிருந்து வந்து சேர்ந்தார். பக்கத்து வளவுக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு, அதுதான் நானா, அண்ணன். தொண்ணூறில் நாங்கள் வள்ளமேறிப் போய்ச் சில மாதத்தில் இயக்கக்காரர் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். வந்த கிழமை என் கொட்டிலுக்கு வந்து, "சுகமா இருக்கிறீங்களா தம்பி" என்று கேட்டார். கேட்டது என்னை, பார்த்தது பெட்டியை. நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அட, மனுசன் எங்கள் சாமானில் கண் வைத்துவிட்டார் என்று பெட்டியை மூடினேன்.

அவர் போன பிறகு எனக்கு வேறு பயம் வந்தது. அந்த வட்டம் போட்ட வாய்ச்சியைக் கண்டிருப்பாரே! எங்கள் அடையாளம் இல்லாத சாமான் எங்கள் பெட்டிக்குள் கிடந்தால், நாளைக்கு யாராவது என்னையல்லவா கள்ளன் என்பார்கள்? அடுத்த கிழமை இரும்பு லொறி வந்தது. எரிந்த ட்ராக்டர் துண்டும் தகரமும் அள்ள எங்கெங்கிருந்தோ லொறிகள் வந்த காலம் அது. மூன்று வெட்டு உள்ளது இருக்கட்டும், இல்லாதது போகட்டும் என்று வாய்ச்சியைத் தூக்கிக் கொடுத்தேன். பதிலுக்கு ஒரு நீலப் பிளாஸ்ரிக் வாளி கிடைத்தது. ஆகா, என்ன கெட்டித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் அனீபா நானா தன் வீட்டுக் கூரைக்கு மரம் ஏற்ற உதவி கேட்டார் என்று போனேன். சுவரில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு துறப்பணம் தொங்கியது. கயிற்றைச் சுற்றி இழுத்து மரத்தில் துளை போடுகிற பழைய சாமான். பிடியில் மூன்று வெட்டு. எங்கள் மூன்று வெட்டு! நாங்கள் ஓடிய வீட்டுக்குள் புகுந்து எடுத்திருக்கிறார் என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன், மனதுக்குள். "நேரமில்லை நானா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனதுக்குள் வைத்திருந்தாலாவது பரவாயில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்து, "சில ஆக்களுக்குச் சாமான் குடுக்கேக்கை கொஞ்சம் கவனமாக் குடுங்கோ" என்று அவர் வளவுப் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் அவருக்கு குழி தோண்டுகிற ஒரு அலவாங்குகூடக் கொடுக்கவில்லை. ஏணி வேண்டுமென்றாலும் மன்னார் ரவுணிலிருந்து வாடகைக்கு ஏற்றி வந்தார். நான் வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருசம் இப்படியே போனது. ஒருநாள் காலையில் அவர் பழைய சாரத் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு படலையில் வந்து நின்றார். அவருடைய தகப்பன், வாப்பா, புத்தளத்தில் காலமாகிவிட்டாராம்.

"வாப்பா மௌத்தாகி நாப்பது நாள் தம்பி. ஒருத்தர் நம்பித் தந்த அமானிதத்த வீட்டில வச்சிக்கிட்டு இருக்கேலாது. இந்தாங்க, உங்கட அப்பாட சாமான்."

சாரத்தை அவிழ்த்தார். துறப்பணம். எண்ணெய் பூசி மினுங்கியது.

"வள்ளத்துக்குத் துளை போட வாப்பா உங்கட அப்பாக்கிட்ட எடுத்தவர். திருப்பிக் குடுக்கிறதுக்குள்ள நீங்க போயிட்டீங்க. எங்களப் போகச் சொன்ன நேரம் கையில கொண்டு போக விட்டது கொஞ்சம். அதுக்குள்ளயும் இத எடுத்தவர். எங்கட சாமானெல்லாம் விட்டுட்டு இதை ஏன் தூக்குறீங்கண்டு உம்மா ஏசினவ. சொந்தச் சாமான விட்டுட்டுப் போகலாம், ஆற்றயோ சாமான எப்பிடி விடுறதுண்டு கேட்டவர்."

நான் துறப்பணத்தைக் கையில் வாங்கினேன். அவர் குரலைக் கொஞ்சம் தணித்தார்.

"பதிலுக்கு வாப்பா தன்ர வாய்ச்சிய வச்சவர். பிடியில வட்டம் போட்டிருக்கும். நீங்க கொண்டு வருவீங்கண்டு பாத்தன். வரேல்ல. அதால நானும் இத அமத்தி வச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க. வாப்பாட கை பட்டதெண்டு அந்த வாய்ச்சி ஒண்டுதான் மிச்சம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கடவுளே, அது எங்கள் கரையில் தச்சு வேலைக்காரர்களின் வழக்கம். ஒரு சாமானை இரவலாக எடுத்தால், அது தொங்கிய ஆணியில் உன் சாமான் ஒன்றை மாட்டிவிட்டுப் போகவேண்டும். அப்பாவின் சுவரில் அப்படி எத்தனை பேருடைய சாமான் தொங்கியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்! முகாமில் ஒருவரிடமும் மாற்றி வைக்க இரண்டாவது சாமான் இருக்கவில்லை. வழக்கமும் அங்கேயே மறந்துபோனது.

குழாயடியில் நீல வாளி இருந்தது. அவரும் அதற்குப் பக்கத்தில்தான் நின்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய் சொன்னது இதுதான்: "அது இந்தியாவிலையே துலைஞ்சு போச்சு நானா."

அவர் என்னைப் பார்த்தார்.

"அப்பிடியா. அப்ப அண்டைக்கு உங்கட பெட்டிக்குள்ள நான் கண்டது வேற ஒண்டாக்கும்" என்றார். சாரத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பெரிய சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

அந்த வாளி அடுத்த மாரிக்குள் வெடித்துப்போனது. வாய்ச்சி எந்த உலையில் உருகி, எந்த வீட்டுக் கொங்கிறீற்றுக்குள் கம்பியாகக் கிடக்கிறதோ தெரியாது. அனீபா நானா வீட்டுக் கொங்கிறீற்றுக்குள்ளேயே கிடந்தாலும் கிடக்கும். இனிக் கிடைக்காது என்று தெரிந்தும்தான் நான் ஒவ்வொரு லொறியையும் கிளறுகிறேன். ஊரில் இப்போது வீட்டுக்கு வீடு கறண்ட் ட்ரில் இருக்கிறது. இரவல் கேட்பாரில்லை, ஆணியில் மாட்டுவாருமில்லை. அனீபா நானா றோட்டில் கண்டால் சுகம் கேட்பார். போன மாதம் அவர் வீட்டு ஓடு மாற்ற ஏணி தேவைப்பட்டது. என் ஏணி அவருக்குத் தெரியும்படி மதிலில் சாத்தியே இருந்தது, வேண்டுமென்றே சாத்தி வைத்தேன். அவர் மன்னாரிலிருந்து ஏற்றி வந்தார்.

சாக்குகளைப் பிரித்து முடித்தேன். பெரிய சீவுளி போகட்டும், உளிகள் இருக்கட்டும், பல்லுப்போன வாள் போகட்டும். துறப்பணத்தை மட்டும் இரண்டு சாக்குக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இருந்தேன். மகள் வந்து பார்த்தாள்.

"அப்பா, இது எந்தப் பக்கம்?"

"அது எங்கடை இல்லைப் பிள்ளை."

"மூண்டு வெட்டுக் கிடக்கே!"

"கிடக்கு. அதுக்கு ஈடா வச்சதைத் திருப்பிக் குடுத்தால்தான் அது எங்கடை."

லொறி வந்தது. போகவேண்டிய சாக்கைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல ஏறிக் கிளறினேன். சைக்கிள் றிம், தாச்சி, உடைந்த மோட்டர். இறங்கும்போது லொறிக்காரன் சிரித்துக்கொண்டே வழி மறித்தான்.

"கையை விரியுங்கோ ஐயா, பாப்பம்."

விரித்துக் காட்டினேன். துரு மட்டும்தான் இருந்தது.