அப்பா கையெழுத்திட்ட படிவம்

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். தோட்டத்தை விற்றபோது, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில், தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில் சின்ன வீடாக வாங்கினோம். அப்பாவுக்கு இருந்தது ஒரே ஆசைதான். கிராண்டில், அதாவது அந்த வீட்டின் பட்டாவில், தன் பெயர் ஏற வேண்டும்.

"பேரு ஏறிட்டா எவனும் நம்மள வெளிய போன்னு சொல்ல முடியாது லா," என்பார்.

ஈப்போவில் ஒரு தமிழ் லாயரிடம் போனோம். அவர் அப்பாவை 'ஐயா' என்று கூப்பிட்டார். ஆயுசு முழுக்க 'டேய்' கேட்ட மனுஷன், அந்த ஒரு சொல்லிலேயே கவிழ்ந்துவிட்டார்.

தோட்டத்தில் எதற்கும் கைநாட்டுதான். பெயர் மாற்றும் படிவத்துக்கு மட்டும் கையெழுத்துதான் போடுவேன் என்று அடம்பிடித்து, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் இரண்டு வாரம் எழுதிப் பார்த்தார். லாயர் முன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது.

அதோடு சரி. கிராண்ட் வரவில்லை. அப்பா கேட்கவும் இல்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் 'என் காரியம் என்னாச்சு' என்று கேட்டவன் நிம்மதியாக இருந்ததில்லை. அந்தப் பயம் அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. கேட்பதற்குப் பதிலாக, தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பால்மாவு டின் நிறைய முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்பார். லாயர் சிரித்தபடி வாங்கிக்கொள்வார். "வந்துரும் ஐயா. லேண்ட் ஆபிஸ்ல லேட்டு."

"நாமளே லேண்ட் ஆபிஸ்ல கேட்டுப் பாக்கலாம்பா," என்றேன் ஒருமுறை.

"சும்மா இரு. அவரு காதுக்குப் போனா என்னா நெனப்பாரு?"

தாமானில் எனக்கு வாயாடி என்று பெயர். அந்த வாய் அன்றைக்கு எங்கே போனதோ!

ஆறாவது தீபாவளிக்கு முன்னால் அப்பா படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில், பேச்சு குழறிய நிலையிலும், "கிராண்ட் வந்துச்சா?" என்றார். 'வந்துருச்சுப்பா' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவி நான், "வந்துரும்பா," என்றேன். இரண்டு நாளில் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் நேரே லேண்ட் ஆபிசுக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்த பெண், அப்படி ஒரு விண்ணப்பம் வரவே இல்லை என்றாள்.

அங்கிருந்து லாயர் ஆபிஸ். அலமாரியிலிருந்து எங்கள் கோப்பை எடுத்துத் தூசி தட்டினார்கள். உள்ளே அந்தப் படிவம் இருந்தது. கோட்டைத் தாண்டிய கையெழுத்தோடு, எங்கும் போகாமல்.

"விட்டுப்போச்சும்மா," என்றார் லாயர். "அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் மேசைமேல் எங்கள் முறுக்கு டின் ஒன்று, உள்ளே ரப்பர் ஸ்டாம்புகளோடு.

"வருஷா வருஷம் வந்து கேட்டாரே! இந்த டின்ன வேற எதுக்குத் தூக்கிட்டு வந்தாரு?" என்று கத்தினேன். ஆபிசே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

செத்தவர் பெயரில் ஏற்ற முடியாதாம். வேறு லாயரைப் பிடித்து, கோர்ட்டுக்கு அலைந்து, ஒரே பிள்ளையான என் பெயருக்குப் புதுப் படிவம் போட்டோம். வாரத்துக்கு ஒருமுறை போன் போட்டு அந்த லாயரின் உயிரை எடுத்தேன். சில மாதத்திலேயே கிராண்ட் வந்துவிட்டது.

என் பெயர், அதற்குப் பின்னால் இன்னாருடைய மகள் என்று அப்பாவின் பெயர். வீட்டுக்கு வந்து அவர் படத்துக்குக் கீழே வைத்தேன்.

"வந்துருச்சுப்பா," என்றேன்.