ஓடைக்கு அக்கரையில் ஒரு வீடு

அந்த ஊரின் பூகோளம் சுலபம். வடக்கே குன்று, தெற்கே ஓடை, நடுவில் பதினொரு வீடுகள். பன்னிரண்டாவதாகத் தையல்காரம்மாவின் வீடும் இருந்தது. போன மழையில் ஓடை யாரையும் கேட்காமல் பாதையை மாற்றி, அந்த வீட்டை அக்கரையில் விட்டுவிட்டது. ஓடைதான் ஊரின் எல்லை. ஆகவே தனிக்கட்டையான அந்த அம்மாள், இருந்த இடத்தில் இருந்தபடியே ஊரில்லாதவர் ஆனார்.

மக்கள்தொகைக் கணக்கு எடுக்க அதிகாரி வந்த காலையில் அம்மாள் தையல் மெஷினை மிதிக்கவே இல்லை. வாசலில் நின்று, அதிகாரி வீடுவீடாக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க ரோஷம் விடவில்லை.

மதியம் அதிகாரியே ஓடையில் இறங்கி, தொப்பலாக நனைந்து வந்து நின்றார்.

"தையல்காரம்மாங்கிறது நீங்கதானே?"

"ஆமா தம்பி. என்னைச் சேர்க்க முடியாதுன்னு சொல்லவா இவ்வளவு நனைஞ்சே?"

"நல்லா சொன்னீங்க! பதினொரு வீட்லயும் உங்களை அவங்க வீட்டு ஆளுன்னு எழுத வச்சிட்டாங்க. ஒரு வீட்ல அக்கா, ஒரு வீட்ல அத்தை. ஒருத்தி மாமியார்னே சொல்றா. வேணும்னு மாமியாரைச் சேர்த்துக்கிறவளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!"

"அதானே, ஒரு ஆளுக்கு இவ்வளவு முட்டிவலி வராதேன்னு பார்த்தேன்" என்று சொல்லி, அம்மாள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏதாவது ஒரு வீட்டைச் சொல்லுங்கம்மா. மத்ததை அடிச்சிடறேன்."

"ஒண்ணைச் சொன்னா மத்த பத்தும் சண்டைக்கு வருமேப்பா. உட்காரு. உன் சட்டைத் தோள்ல தையல் விட்டிருக்கு. தைச்சுக்கிட்டே யோசிக்கிறேன்."