கன்றுக்குட்டிக்கு விதித்த தண்டம்

தர்மபுரி தனி மாவட்டமாகி மூன்றாவது வருடம், பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, முனிராஜ் டவுன் பஞ்சாயத்து பவுண்டில் வேலைக்குச் சேர்ந்தான். பாலக்கோட்டிலிருந்து ஓசூர் போகும் பஸ் ரோட்டின் மேலேயே இருந்த ஊர் அது. பவுண்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு பக்கமும் கல்சுவர், பாதி இடத்துக்குத் தகரக் கூரை, ஓர் இரும்புக் கதவு. பயிரை மேய்ந்த மாட்டையும் ரோட்டில் திரிந்த மாட்டையும் பிடித்து வந்து அதில் அடைப்பார்கள். சொந்தக்காரர் தண்டமும் தீனிக்கூலியும் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு ஓட்டிப் போகவேண்டும். ஏழு நாளில் யாரும் வராவிட்டால் ஏலம்.

முனிராஜுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எட்டாவது வரை படித்தவன். அவன் எழுதினால் அச்சடித்தது போல இருக்கும், ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இருக்காது. வேலைக்கு வந்த முதல் வாரமே கதவில் துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டான். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினான். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறும் புழுவும் கிடந்தன. இரண்டு வேளை குளித்தும் அந்த நாற்றம் உடம்பை விட்டுப் போகவில்லை.

அவனுக்கு முன்னால் பவுண்டைப் பார்த்தவர் வெங்கடாசலம். வரி வசூல் செய்யும் பில் கலெக்டராகிவிட்ட பிறகும் காலை ஐந்தரைக்குப் பவுண்டுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. ஒரு கையில் பித்தளைச் செம்பு, இன்னொரு கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணம்.

"தம்பி, அதெல்லாம் நீ கண்டுக்காதே. அடைச்ச மாட்டைக் கறக்காம வுட்டா மடி கட்டிக்கும். நாம செய்யறது மாட்டுக்கு உபகாரம்."

"கறந்த பாலு எங்கீங்க போகுது?"

"மொதல் செம்பு ஆபீசர் வூட்டுக்கு. ரெண்டாவது, ஊருல பெரியவங்க ரெண்டு பேரு இருக்காங்க. மிச்சம் இருந்தா நான் ஒரு வாய் டீ போட்டுக் குடிக்கறேன். அதும் உனக்குப் பொறுக்கலியா?"

ஆபீசர் என்று அவர் சொன்னது பஞ்சாயத்தின் நிர்வாக அதிகாரியை.  மாதம் முடிந்ததும் முனிராஜ் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தான். அந்த மாதம் அடைபட்டவை முப்பத்தொன்று. அதில் இருபத்தேழு கறவை. சந்தையில் முட்டைக்கோசுக் கூடைக்குள் தலையை விட்டு நிற்கும் மலட்டு மாடு ஒன்றுகூட இல்லை. காளைகள் பட்டப்பகலில் கடைக்குள் புகுந்தாலும் பஞ்சாயத்து ஆள் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். கன்று போட்ட மாடு மட்டும் வேலியோரம் ஒரு காலை எடுத்து வைத்தால் போதும், கயிறு வந்துவிடும். சட்டம் மடியைப் பார்த்துத்தான் பாய்ந்தது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தவன் எழுந்துவிட்டான். கையை மண் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

அக்கா ராஜாமணி பார்த்துவிட்டுக் கேட்டாள். "சாணிய மிதிச்சியா?"

"மிதிச்சிருந்தா கால கழுவிட்டு வந்திருப்பேன் அக்கா."

ஆனி மாதம் செல்லியின் எருமை பிடிபட்டது.

செல்லி ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்தவள். புளி மண்டியில் கொட்டை எடுக்கும் வேலை. புருஷன் ஓசூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனவன், வந்தால் உண்டு. அவளுக்கு இருந்தது அந்த ஓர் எருமைதான். அது கன்று போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கிடேரிக் கன்று. அது பிழைத்து வளர்ந்தால் வீட்டில் இரண்டு எருமை. செத்தால் இருக்கிற ஒன்றும் பால் சுரக்காமல் நின்றுவிடும். ஏரிக்கரையில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று அவள் சொன்னாள். பஞ்சாயத்து ரோட்டில் திரிந்தது என்று பிடித்தவர்கள் கொடுத்த சீட்டில் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பவுண்டுக் கதவுக்கு வந்தாள். மண்டியில் வெள்ளிக்கிழமைதான் கூலி. அதற்கு முன் தண்டம் கட்ட அவளிடம் வழியில்லை.

"ஏனுங்க அண்ணா, எருமைய வுட வேணாங்க. வெள்ளிக்கெழம வந்து கட்டிட்டு ஓட்டிக்கறேன். இந்தக் குட்டிய மட்டும் ரெண்டு வேளை உள்ள வுட்டு ஊட்டவுடுங்க. காலையில இருந்து கஞ்சித் தண்ணி ஊத்தனேன், கழிச்சலு புடிச்சிக்கிச்சி."

முனிராஜ் சாவியை எடுத்தான். பின்னாலேயே நின்றிருந்த வெங்கடாசலம் அவன் கையைப் பிடித்தார்.

"அடைக்காத உருப்படி உள்ள போகக்கூடாது. ரூலு. நாளைக்கு ஊருல இருக்கற கன்னெல்லாம் வந்து நிக்கும், நீ பால்வாடி நடத்துவியா?"

அவன் சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டான். பின்னால் அதை நினைத்து எத்தனையோ முறை குறுகிப்போனான், ஆனால் அன்று செருகிக்கொண்டான்.

வெங்கடாசலம் வெளியே போனார். ஒரு சாக்குத் துண்டால் கன்றின் முதுகையும் வாயையும் பின்புறத்தையும் துடைத்துவிட்டார். "பாவம், வாயில்லா சீவன்" என்றார். செல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த மனுஷனிடமும் ஈரம் இருக்கிறதே என்று முனிராஜுக்கும் தோன்றியது.

உள்ளே வந்த வெங்கடாசலம் கதவு மூலையிலிருந்து ஒன்றை இழுத்தார். எந்தக் காலத்திலோ செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துத் தைத்த பொம்மை. கண் இருந்த இடத்தில் ஓட்டை, வயிற்றில் எலி கடித்த பொத்தல். அதன் மேல் அந்தச் சாக்கைப் போர்த்தி எருமையின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். எருமை மோந்து பார்த்தது. தன் குட்டியின் வாசனை. நாக்கை நீட்டிச் சாக்கை நக்கத் தொடங்கியது. நக்க நக்க மடியில் பால் இறங்கியது. செம்பில் பால் விழுந்த சத்தம் வெளியே நின்ற கன்றுக்குக் கேட்டிருக்க வேண்டும். அது கதவுக் கம்பியைச் சப்புவதும் கத்துவதுமாக நின்றது.



சாயங்காலம் செல்லி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கன்று படுத்துவிட்டது. முனிராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் எரிந்து விழுந்தான். "என்னை என்னம்மா பண்ணச் சொல்றே? உள்ள போவணும்னா அதும் ஏதாவது தப்புப் பண்ணிட்டுத்தான் வரணும்."

செல்லி அதைக் கேட்டுக்கொண்டாள். கன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் முனிராஜ் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு வெளியே வந்தபோது பஸ் ரோட்டின் நட்டநடுவில் அந்தக் கன்று நின்றது. நான்கு காலும் நடுங்க, தலை தொங்க நின்றது. லாரிக்காரன் ஒருவன் ஒதுங்கிப் போய்க் கெட்ட வார்த்தை சொன்னான். எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் செல்லி வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, இது உன் கன்னுதானே?"

"எதுங்க?"

"ரோட்டுல நிக்குதே, இது."

"எனக்குத் தெரியாதுங்க. யாரு ஊட்டுதோ. ஏனுங்க, பஸ்ஸு வர்ற ரோட்டுல இப்படி ஒரு உருப்படி திரியுதே, நீங்க புடிச்சி அடைக்க வேணாங்களா? சம்பளம் வாங்கறீங்க இல்ல?"

முனிராஜ் அவளையே பார்த்தான். பிறகு குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கன்றை அணைத்துத் தூக்கிக்கொண்டான். பதிவேட்டில் எழுதினான்: எருமைக் கிடேரிக் கன்று, உருப்படி ஒன்று, வயது சுமார் பதின்மூன்று நாள், பொது ரஸ்தாவில் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகத் திரிந்தது. மணி பத்து ஐந்து. எழுதி முடித்துக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் கன்றை அதன் தாயிடம் விட்டான். அது முட்டி முட்டிக் குடித்தது. வாயோரம் நுரை தள்ளியது. எருமை அதன் முதுகை நக்கிக்கொண்டே நின்றது. செல்லி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

புதன்கிழமை காலை வெங்கடாசலம் செம்போடு வந்தார். மடி காய்ந்து கிடந்தது. காலடியில் கன்று வயிறு புடைத்துத் தூங்கியது.

"யாருடா இதை உள்ள வுட்டது?"

"தண்டம் போட்டு அடைச்சிருக்குதுங்க. பதிவுல இருக்குது, பாருங்க."

"தாய்ப்பால் குடிக்கற குட்டிக்குத் தண்டமா? எந்த ஊரு நியாயம்டா இது?"

"நம்ம ஊரு நியாயந்தானுங்க."

எட்டரைக்கு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. நிர்வாக அதிகாரியின் மேசையில் காப்பி டம்ளர் இல்லை. அவர் பதிவேட்டை வாங்கிப் படித்தார். படித்ததையே மறுபடி படித்தார்.

"பதிமூணு நாள் கன்றுக்கு ரோடு எது, தோட்டம் எதுன்னு தெரியுமாய்யா?"

"எருமைக்கும் தெரியாதுங்க சார்."

"வாய் நீளுது. சரி, அடைச்சது அடைச்சுட்டே. கன்றைத் தனியா அந்த மூலையில கட்டு."

"கட்டிடறேனுங்க சார். கன்றைத் தாய்கிட்ட வுடக்கூடாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. அடைச்ச உருப்படிக்குத் தீனி தண்ணி குறையக்கூடாதுன்னு ரூல்ல இருக்குது. நாளைக்குச் செத்துட்டா நான்தானுங்களே பதில் சொல்லணும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். முனிராஜையும் வெங்கடாசலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதாமலேயே பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போ" என்றார்.

வியாழக்கிழமையும் செம்பு வெறும் செம்பாகவே திரும்பியது. அன்று சாயங்காலமே முனிராஜ் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. சாக்கடைத் தண்ணீர் தெருவில் ஓடுகிறதாம். அந்தத் தெருவில் பதினெட்டு வீடு. பதினெட்டு வீட்டுத் தண்ணீரும் தெருவில்தான் ஓடியது. நோட்டீஸ் வந்தது ஒரு வீட்டுக்கு. ராஜாமணி அதை வாங்கி, பஞ்சாயத்து ஆள் கண்ணெதிரே நான்காக மடித்து, ஆடிய கட்டில் காலுக்கு அடியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை செல்லி கூலியோடு வந்தாள். எருமைக்கு ஒரு ரசீது, கன்றுக்கு ஒரு ரசீது. கன்றுக்குத் தண்டம் வேண்டாம் என்று விட்டுவிட முனிராஜுக்கு ஆசைதான். விட்டால் எழுதியது பொய்யாகிவிடும்.

"குட்டிக்கும் எட்டணா கட்டணும்மா."

"கட்டறேனுங்க. அது பண்ண தப்புக்கு அது கட்ட வேணாங்களா?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கன்று முன்னால் ஓட, எருமை பின்னால் போனது.

அதோடு முடிந்தது என்று முனிராஜ் நினைத்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பஞ்சாயத்து ஒரு தீர்மானம் போட்டது. ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை. வாயில்லா ஜீவன்களிடம் கருணை கொண்டு, இனிமேல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளைப் பவுண்டில் அடைப்பதில்லை, எக்காரணம் கொண்டும் உள்ளே அனுமதிப்பதுமில்லை. ஒரு பத்திரிகைக்காரர் வந்து எழுதிக்கொண்டு போனாராம். வெங்கடாசலம் தகரப் பலகையும் பெயின்ட் டப்பாவும் கொண்டுவந்து முனிராஜ் முன்னால் வைத்தார்.

"உன் கையெழுத்து நல்லாருக்கும். நீயே எழுதிடு தம்பி."

முனிராஜ் கூடவே வந்த தீர்மான நகலைப் படித்தான்.  எழுந்து போய், பொறுப்பை ஒப்படைப்பதற்காகப் பவுண்டுச் சாமான்களைப் பட்டியல் போட்டான். கயிறு பதினான்கு, வாளி இரண்டு, பூட்டு ஒன்று, சாவி இரண்டு. வைக்கோல் கன்று ஒன்று என்பதையும் சேர்த்தான்.

"அது எதுக்குடா லிஸ்ட்டுல?"

"இருக்குதுங்களே. இருக்கறத எழுதாம வுட்டா தப்புங்க."

வெங்கடாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முனிராஜ் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு வந்துவிட்டான்.

அரூரில் ஒரு மண்டியில் எடை போடும் வேலை கிடைத்தது. அங்கே போகப் பஸ்ஸுக்கு நின்ற காலையில், பவுண்டுக் கதவில் பெயின்டர் எழுதிய பலகை தொங்கியது. அதன் அடியில் ஒருத்தி கன்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசுவின் கன்று, ஒரு வாரம்கூட இருக்காது. உள்ளே கறக்கும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, படிச்சவங்களாட்டம் தெரியுது. அதுல என்ன போட்டிருக்குதுங்க?"

முனிராஜ் படித்துக் காட்டினான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"கருணைன்னு சொன்னீங்களே. அப்ப மாட்ட வெளிய வுடறாங்களா?"

"அதப் பத்தி ஒண்ணும் எழுதலீங்க."

"சரியாப் பாருங்க. கீழ ஏதாவது இருக்கும்."

அவன் மறுபடி பார்த்தான். கீழே பெயின்டரின் பெயர்தான் இருந்தது.

தர்மபுரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். முனிராஜ் டிரங்குப் பெட்டியைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு முழுத்தாளை விரித்தான்.

"உங்க பேரு சொல்லுங்க."

"சாலம்மாளுங்க."

மேலதிகாரிக்கு எழுதிய அந்த மனு பதினேழாவது நாள், தக்க நடவடிக்கைக்காக என்ற குறிப்போடு, நம் நிர்வாக அதிகாரியின் மேசைக்கே வந்து சேர்ந்தது. பசுவை அதற்குள் ஏலம் விட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்த முனிராஜ் நேரே சாலம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் கொல்லையில் மண் மேடு ஒன்றைக் காட்டினாள். அவன் அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது மனுவை எழுதினான். இந்தத் தடவை வணக்கம் எல்லாம் வைக்கவில்லை. கன்று எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் செத்தது என்று அவளிடம் கேட்டு அதைத்தான் முதல் வரியாக எழுதினான்.